முயல் பிடிக்கிற மூஞ்சி

வாப்பா மாப்ள, வா. அந்தத் தூணோரமா உக்காரு. நெத்தியில லைட்டு, கையில பைக்குலேர்ந்து உருவுன கிளட்ச் ஒயரு, பின்னாடியே நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டு ஒரு சிப்பிப்பாறை நாய். முயல் பிடிக்கிற நாயை மூஞ்சியப் பாத்தாத் தெரியாதாம்பாங்க. நாய் மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. நான் உன் மூஞ்சியத்தான் பாக்கிறேன். ரேஞ்சர் ஆபீஸ் சுவத்துல சாஞ்சு நின்னு, காலடியில ரெண்டு செத்த முயலப் போட்டு, பேப்பர்காரனுக்குப் போட்டோ குடுக்கிற மூஞ்சி அப்படியே அமைஞ்சிருக்கு. ஆண்டவன் குடுத்த அமைப்பு. வீணாக்கக் கூடாது.

வேட்டைக்குப் போகணும், அம்புட்டுத்தான? போ. நான் மறிக்கல. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடியில பிறந்தவன் வேட்டைக்குப் போகாம பல்லாங்குழியா ஆடுவான்? ஆனா ஒரு காரியத்துல இறங்குறவன் அதோட விதியத் தெரிஞ்சுக்கிட்டு இறங்கணும். கேளு, சொல்றேன்.

"சீசன் எப்ப மாமா?"ங்கிற. நல்ல கேள்வி. 1991-க்கு முன்னாடி கேட்டிருக்கணும், நீ அப்பப் பிறக்கல. 1972-ல வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் போட்டப்ப லைசென்சு இருந்துச்சு. சின்ன வேட்டைக்கு ஒண்ணு, பெரிய வேட்டைக்கு ஒண்ணு, விசேஷ வேட்டைக்கு ஒண்ணு, உயிரோட பிடிக்கிறதுக்கு ஒண்ணு. வேட்டையாடக் கூடாத மாசம்னு மூடுகாலம் வேற இருந்துச்சு. 1991-ல அத்தனையையும் ஒரே அடியா அடிச்சிட்டாங்க. இப்ப மூடுகாலம் ஜனவரி 1-லேர்ந்து டிசம்பர் 31 வரைக்கும். லீப் வருஷம்னா ஒரு நாள் கூட.

ஆளுக்கு எத்தனை உருப்படின்னு அடுத்துக் கேப்ப. அதுவும் மனப்பாடம் பண்ண லேசு: சைபர். முயலுக்கு சைபர், கவுதாரிக்கு சைபர், உடும்புக்கு சைபர். நீ கணக்குல வீக்குன்னு தெரிஞ்சே சர்க்கார் இப்படி வச்சிருக்கு.

சீசன் பாத்துத்தான் பிடிப்பேன்னு அடம்பிடிச்சா கிழக்க போ, கடலுக்கு. அங்க இருக்கு சீசன். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குள்ள போகக் கூடாது. மீன் முட்டை விட்டுக் குஞ்சு பொரிக்கட்டும்னு. மத்த நாள்ல போகலாம். ஆனா உனக்குக் குளத்துல இறங்கினாலே சளி பிடிக்கும். அதனால அந்த யோசனையும் வேண்டாம்.

"நான் கொல்லவா போறேன்? சும்மா விரட்டிப் பாப்போம்"னு போன மாசம் டீக்கடையில சொன்னியாம். காதுக்கு வந்துச்சு. வேட்டைன்னா சுட்டுக் கொல்றதுன்னுதான் நீ நினைக்கிற. சட்டம் அப்படி நினைக்கல. கொல்றது வேட்டை, விஷம் வைக்கிறது வேட்டை, கண்ணி வைக்கிறது வேட்டை, நாயை விட்டுத் துரத்துறது வேட்டை, கலைச்சு விடுறது வேட்டை, இரை போட்டு இழுக்கிறது வேட்டை. கவுதாரி முட்டையை எடுத்தாலும், கூட்டைக் கலைச்சாலும் வேட்டைதான். இதுல எதையாவது பண்ணப் பாத்துத் தோத்தாலும் வேட்டைதான். அந்தக் கடைசி வரி உனக்குன்னே எழுதினது. ராத்திரி முழுக்க அலைஞ்சு, முள்ளு குத்தி, ஒண்ணும் சிக்காம வெறுங்கையோட வர்றவனும் வேட்டைக்காரன்தான்னு உன்னை ஒத்துக்கிட்ட ஒரே ஆளு இந்தச் சட்டம். ஊருல வேற எவனும் ஒத்துக்கலையே.

1991-ல எடுத்துட்டாங்கன்னு சொன்னேன்ல, அந்தப் பழைய விதிகளை நான் ஒரு தடவை முழுசாப் படிச்சிருக்கேன். பதினேழாம் பிரிவு. லைசென்சு வச்சிருக்கிறவனே இன்னின்ன மாதிரி வேட்டையாடக் கூடாதுன்னு ஒரு பட்டியல். படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு அடங்கல. வண்டியில போய் அடிக்காத. வண்டியை வச்சு மந்தையக் கலைக்காத. வலை வேண்டாம், படுகுழி வேண்டாம், வெடி வேண்டாம், விஷம் வேண்டாம். வேட்டைக்குன்னு காட்டுக்குத் தீ வைக்காத. விளக்கு அடிச்சுக் கண்ணைக் கூச வச்சு அடிக்காத. பொழுது இறங்கினதுக்கு அப்புறம் அடிக்காத. உப்பு நக்க வர்ற எடத்துலயும் தண்ணி குடிக்க வர்ற எடத்துலயும், அதுக்குப் போற பாதையிலயும் ஒளிஞ்சிருந்து அடிக்காத. நாயை வச்சு அடிக்காதன்னும் இருந்துச்சு. காடை, கவுதாரி, நீர்ப்பறவை மாதிரி சிலதுக்கு மட்டும் விலக்கு.

இதை எழுதின ஆளு டெல்லியில ஃபேனுக்கு அடியில உக்காந்து யோசிச்சு எழுதின ஆளுன்னு நினைக்கிறியா? இல்லப்பா. தண்ணித்துறையில பதுங்கிக் கிடந்து கொசுக்கடி வாங்கினவன் சொல்லாம இதெல்லாம் வெளிய வராது. ஒவ்வொரு வரிக்குப் பின்னாடியும் ஒரு பழைய திருட்டுப் பய உக்காந்திருக்கான். இப்ப உன்னையப் பாரு. நெத்தியில லைட்டு. பட்டியல்ல இருக்கு. பைக். பட்டியல்ல இருக்கு. நாய். இருக்கு. ராத்திரி. இருக்கு. கண்மாய்க்கரையில முயல் தண்ணிக்கு வரும்னு நீயாக் கண்டுபிடிச்சதா நினைச்சியே, அது கூட இருக்கு. லைசென்சு குடுத்துக்கிட்டு இருந்த காலத்துலயே நீ வேட்டையாடத் தகுதியில்லாத ஆளு. இப்ப வேட்டையே இல்ல. அதனால தகுதிக் குறைவு வெளிய தெரியாமப் போச்சு. அதுக்கு நீ நன்றி சொல்லணும்.

விதி எழுதினவனே வேட்டைக்காரன்னு நான் சும்மா சொல்லல. ஊட்டியில துரைமாரு சுட்டுத் தள்ளினாங்க. மானு, காட்டெருமை, வரையாடுன்னு கண்ணுல பட்டதெல்லாம். அப்புறம் ஒரு நாள் திரும்பிப் பாத்தா சுடுறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. உடனே ஞானம் வந்துருச்சு. வேட்டைக்கார துரைமாரே 1877-ல ஒரு சங்கம் கூட்டினாங்க. 1879-ல நீலகிரிக்குன்னே வேட்டைப் பிராணியும் மீனும் காக்கிற தனிச் சட்டம் வந்துச்சு. மூடுகாலமும் அதுல இருந்துச்சு. அடுத்த வருஷமும் சுடணும்னா இந்த வருஷம் கொஞ்சம் விட்டு வைக்கணும்னு கணக்கு. மிருகத்து மேல இரக்கம்னு சொல்லிக்கிட்டாங்க. இருக்கட்டும், இரக்கம் எந்த வாசல் வழியா வந்தா என்ன.

அதுக்கும் முன்னாடி வேடந்தாங்கல் சனங்க இருக்காங்க. வெள்ளைக்காரச் சிப்பாய் வந்து ஏரியில பறவையச் சுட்டான். கொக்கு எச்சம் விழுந்த தண்ணி வயலுக்கு உரம், அதைச் சுடாதடான்னு போய்ச் சண்டை போட்டு, 1798-ல செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ்கிட்ட எழுத்து வாங்கிட்டாங்க. சட்டப் படிப்பு இல்ல, வக்கீல் இல்ல. வயலுக்கு எது லாபம்னு தெரிஞ்சிருந்துச்சு. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில இன்னைக்கும் பறவை பயந்துரும்னு தீபாவளிக்கு வெடி போட மாட்டாங்க. நீ தீபாவளிக்கு அடுத்த நாளும் வெடிக்கிறவன். உனக்கு அந்த ஊர்ல பொண்ணு குடுக்க மாட்டாங்க.

உடனே, "அந்தக் காலத்துல நம்ம பாட்டன் பூட்டனும் நியாயமா வேட்டையாடினாங்கல்ல மாமா"ன்னு உருகாத. சினையா இருந்தா அடிக்க மாட்டோம், குட்டியோட வந்தா விட்டுருவோம்னு பெருசுக எல்லாம் சொல்லும். நானும் சின்னப்புள்ளயில கூடப் போய் முயல் தூக்கி வந்தவன், எனக்குத் தெரியும். பாதி தர்மம் குறி தப்பினதுக்கு அப்புறம் பிறந்தது. அடிச்சுட்டா கறி, தப்பிச்சுட்டா, "சினை மாதிரி இருந்துச்சு, விட்டுட்டேன்." ஆனா பங்கு மட்டும் சுத்தமாப் பிரிப்பாங்க. மொத அடி போட்டவனுக்குத் தொடை. நாய்க்கு ஒரு பங்கு, அதை நாய்க்காரன் வாங்கிக்கிட்டு நாய்க்கு எலும்பைப் போடுவான். சிவராத்திரி முடிஞ்சு சாமி பேரச் சொல்லி கூட்டமாக் கிளம்புற பாரிவேட்டை இன்னைக்கும் சில ஊர்ல உண்டு. இப்பல்லாம் சாமிக்கு முன்னாடியே பாரஸ்ட்டுக்காரங்க வந்து ஓடையில நிக்கிறாங்க. கன்னியாகுமரி பகவதியம்மன் விஜயதசமிக்கு மகாதானபுரம் வரைக்கும் பரிவேட்டைக்குப் போறா. பாணாசுரனை முடிச்சுட்டு கோயிலுக்குத் திரும்பிருவா. வழியில முயலத் தேடல.

"அமெரிக்காவுல எல்லாரும் சுடுறாங்களே"ன்னு அடுத்து ஆரம்பிப்ப. நம்ம பெரியவ மருமகன் டெக்சாஸ்ல இருக்காருல்ல, அவருகிட்டக் கேட்டேன். அங்க வாத்துச் சுடப் போகணும்னா லைசென்சு தனி, அதுக்கு மேல வாத்துக்குன்னு அரசாங்கம் விக்கிற ஸ்டாம்ப் ஒண்ணு. 1934-லேர்ந்து விக்கிறாங்க, அந்தக் காசுல சதுப்பு நிலம் வாங்கிப் போடுறாங்க. துப்பாக்கியில மூணு தோட்டாவுக்கு மேல ஏறக் கூடாது. ஈயக் குண்டு கூடாது. தானியத்தைத் தூவி வாத்த இழுக்கக் கூடாது. ஒரு நாளைக்கு எந்த வாத்து எத்தனைன்னு கணக்கு, அதுலயும் பொட்டை எத்தனைன்னு உள்கணக்கு. பறந்துக்கிட்டு இருக்கும்போதே ஆணா பொண்ணான்னு பாத்துச் சுடணும். உனக்கு நம்ம வீட்டுச் சேவலையும் கோழியையும் பிரிச்சுப் பாக்க விடியணும்.

ஆனா அதே டெக்சாஸ்ல காட்டுப்பன்னிக்கு சீசனும் கிடையாது, கணக்கும் கிடையாது. 2011-லேர்ந்து ஹெலிகாப்டர்ல போய்ச் சுடலாம். 2017-லேர்ந்து வெப்பக்காத்து பலூன்ல ஏறி மெதந்துக்கிட்டே சுடலாம். பலூன்ல உக்காந்து பன்னி சுடுற வேட்டைக்காரனைப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. ஆனா அங்க அது வெளியிலேர்ந்து கொண்டுபோய் விட்டுப் பெருகின பன்னி. இங்க இருக்கிறது இந்த மண்ணுலயே பிறந்தது. அதனால நீ பலூன் வாங்கக் கிளம்பாத.

சரி, இப்பத்தான் விஷயத்துக்கு வர்றோம். நீ முயலுக்காக வரல. மக்காச்சோளம் போட்டிருக்க, பால் பிடிக்கிற நேரம், ராத்திரி பன்னி வந்து பாத்தி பாத்தியா மடக்கிப் போட்டுட்டுப் போகுது. கதிரத் தின்னா கூடப் பரவாயில்ல, தட்டையை ஒடிச்சு மிதிச்சுப் புரண்டு, ஒரு கதிரைக் கடிச்சு ஒம்பது கதிரைக் கெடுத்துட்டுப் போகும். காலையில போய் நின்னா வயிறு எரியும். அது பொய்யில்ல. அந்த எரிச்சல்லதான் கையில ஒயரு. அதைத்தான் நான் திண்ணையிலேர்ந்து பாத்துக்கிட்டு இருக்கேன்.

ஒயரக் குடு இப்படி. பாரு, இந்தச் சுருக்கு. ஒரு முனையில கண்ணு போட்டு மறுமுனைய உள்ள விட்டிருக்க. இழுக்க இழுக்க இறுகும், திரும்பத் தளராது. நல்லாத்தான் முறுக்கியிருக்க. ஆனா இதுக்குக் கண்ணு இருக்கா? பன்னியா, உங்க பக்கத்துத் தோட்டத்துக் கன்னுக்குட்டியான்னு பாத்துப் பிடிக்குமா? பன்னிக்கு வச்ச சுருக்குல சிறுத்தை மாட்டின கதை எத்தனை கேட்டிருக்க? வனவுயிர்ச் சட்டத்துல பன்னி ரெண்டாவது பட்டியல், சிறுத்தை மொதப் பட்டியல். பன்னின்னா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல லட்ச ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். சிறுத்தைன்னா மூணு வருஷத்துலதான் ஆரம்பமே, ஏழு வரைக்கும் போகும். நம்ம மலை 2021-லேர்ந்து புலிகள் காப்பகம் வேற. நீ கண்ணி வைப்ப, வந்து மாட்டுறது யாருன்னு அதுதான் முடிவு பண்ணும்.

அடுத்து கரண்ட். கம்பத்துலேர்ந்து கொக்கி போட்டு வேலியில விட்டுரலாம்னு மனசுக்குள்ள ஓடுது, இல்லைன்னு சொல்லாத. தர்மபுரிப் பக்கம் மாரண்டஅள்ளியில 2023 மார்ச்ல அப்படித்தான் ஒரு தோட்டத்து வேலியில மூணு யானை விழுந்துச்சு. கூட வந்த ரெண்டு குட்டி செத்த தாயைச் சுத்திச் சுத்தி நின்னுச்சு. அந்த வேலியும் பன்னிக்குப் போட்டதுதான். இந்த விஷயத்துல எனக்குக் கிண்டல் வரல மாப்ள. ராத்திரி தண்ணி பாய்ச்ச வெறுங்காலோட வரப்புல போறவன் யாரு? உங்க அப்பன். சூரிய ஒளி வேலின்னா சுருக்குன்னு ஒரு இழுப்பு இழுத்து விட்டுரும், உயிர் போகாது. அதுக்கும் 2023-ல விதி வந்திருச்சு, பதிவு பண்ணிட்டுப் போடணும்.

கோயமுத்தூர்ப் பக்கம் அவுட்டுக்காய்ம்பாங்க. பழத்துக்குள்ள வெடி மருந்த வச்சு பன்னி வாயில வெடிக்கிற மாதிரி. யானை கடிச்சு, தாடை உடைஞ்சு, தின்ன முடியாம நாள்கணக்கா பட்டினி கிடந்து செத்துருக்கு. அதை உனக்கு எவனாவது சொல்லிக் குடுத்தான்னா அவன் பேரை என்கிட்டச் சொல்லு. அவன்கிட்ட நான் பேசிக்கிறேன்.

"நான் எதுவும் வைக்கல, பன்னி என்னைக் குத்த வந்துச்சு, தற்காப்புக்கு அடிச்சுட்டேன்னு சொல்லிருவேன்." கெட்டிக்காரன். அதுவும் சட்டத்துல இருக்கு, பதினொண்ணாம் பிரிவு. உயிரக் காப்பாத்த நல்லெண்ணத்தோட அடிச்சா குத்தமில்லன்னே போட்டிருக்கு. அதுக்குக் கீழயே இன்னொரு வரி: அந்த நேரத்துல நீ வேற தப்புப் பண்ணிக்கிட்டு இருந்திருந்தா இந்தச் சலுகை கிடையாது. ராத்திரி பன்னெண்டு மணிக்கு நாட்டுத் துப்பாக்கியோட காட்டோரத்துல கோலம் போடப் போனேன்னு சொல்லுவியா? அதுக்கும் கீழ இன்னொரு வரி: தற்காப்புக்கே அடிச்சாலும் செத்த மிருகம் சர்க்கார் சொத்து. உயிர் உனக்கு, கறி கவர்மெண்டுக்கு.

கறின்னு சொன்னதும் ஞாபகம் வருது. அடிக்கல, வாங்கினேன்னு சொல்ற கூட்டம் ஒண்ணு இருக்கு. உன் சட்டியில காட்டுக்கறி இருந்தா, அது எப்படி வந்துச்சுன்னு நீதான் நிரூபிக்கணும், அவங்க இல்ல. வெள்ளாட்டுக் கறின்னு சாதிக்கவும் முடியாது. கொழம்புத் துண்டை ஹைதராபாத்து ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பினா, மசாலாவத் தாண்டி டிஎன்ஏவப் பாத்துச் சொல்லிருவாங்க. உங்க அத்தை கூட இந்த வயசு வரைக்கும் என் சட்டையப் பாத்துத்தான் நான் எந்தக் கடையில சாப்பிட்டேன்னு கண்டுபிடிக்கிறா. உடும்பைச் சுட்டு வீடியோ எடுத்து, பாட்டுப் போட்டு ஏத்திவிட்டுட்டு, லைக்குக்குக் காத்திருந்த பயலுக வீட்டுக்கு மொத லைக்கு ரேஞ்ச் ஆபீஸ்லேர்ந்து நேருலயே வந்திருக்கு. பிடிச்சா வண்டியும் சேந்து போகும். மாசத்தவணை மட்டும் நீ கட்டணும்.

வழியே இல்லையான்னு கேளு. இருக்கு, ஆனா உன் வழி இல்ல. மலைக்கு அங்கிட்டு கேரளாவுல 2022-லேர்ந்து பஞ்சாயத்துத் தலைவரே வனவுயிர் வார்டன் மாதிரி உத்தரவு போட்டு, லைசென்சு துப்பாக்கிக்காரனை வச்சு பன்னியச் சுடச் சொல்லலாம். அங்கயும் விஷமும் வெடியும் கரண்டும் கூடாது. நம்ம பக்கம் 2025 ஜனவரியில சட்டசபையில சொன்னாங்க. காப்புக்காட்டு எல்லையிலேர்ந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள சுடவே கூடாது. ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும். மூணுக்கு மேல வந்தா பயிற்சி எடுத்த வனத்துறை ஆளு சுடலாம். பயிற்சி எடுத்த ஆளுன்னு இருக்கு, மக்காச்சோளம் போட்ட ஆளுன்னு இல்ல.

உன் தோட்டம் எத்தனை கிலோமீட்டருன்னு கேட்டா, ஓடை வழியாப் போனா ரெண்டரை, ரோட்டைச் சுத்திப் போனா மூணேகால்ம்ப. பன்னி எந்த வழியில வருதுன்னு உனக்கும் தெரியும். ரெண்டே முக்காலுல மேய்ஞ்சுக்கிட்டு இருக்கிற பன்னி மூணைத் தாண்டுற வரைக்கும் துப்பாக்கிக்காரரு டீ குடிச்சுக்கிட்டு இருப்பாரு. விதி போட்டவங்க மேல எனக்குக் கோபமில்ல. எங்கயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆகணும். பன்னிக்குத்தான் கோடு படிக்கத் தெரியல.

அதனால நான் சொல்றதக் கேளு. நாயை அவுத்து வீட்டுல கட்டு. நாளைக்கு விடிஞ்சதும் சேதத்தைப் போட்டோ எடு, பன்னிக் காலடித் தடமும் சேந்து விழணும். விஏஓவைக் கூட்டிட்டு வந்து காட்டு. ரேஞ்ச் ஆபீஸ்ல நஷ்டஈட்டுக்கு ஒரு மனு, பன்னியக் கட்டுப்படுத்தச் சொல்லி ஒரு மனு. ரெண்டையும் ஒரே தாள்ல எழுதித் தொலைக்காத, ரெண்டுல ஒண்ணு கண்டிப்பாக் காணாமப் போகும். சர்வே நம்பர், பட்டா நகல் மறக்காத. மனு குடுத்த தேதிக்குச் சீல் வாங்கு. அலையத்தான் விடுவாங்க. ராத்திரி காட்டுல அலையத் தயாரா இருந்த காலுதான, பகல்ல ஆபீசுக்கு அலையட்டும்.

அது வர்ற வரைக்கும் சேலை கட்டு. உனக்கில்லடா, வேலிக்கு. வயலைச் சுத்திக் கம்பு நட்டு, பழைய சேலையா இழுத்துக் கட்டுனா காத்துல அசையுறதப் பாத்துப் பன்னி தயங்கும். கலரு கலரா இருக்கட்டும். ரொம்ப நாளைக்கு ஏமாறாது, பழகிட்டா உள்ள வந்துரும். ஆனா கதிர் முத்துற வரைக்கும் தள்ளினாப் போதும். உள்ள போய் உங்க அத்தைகிட்ட நாலு பழைய சேலை கேளு. எதுக்குன்னு கேட்டா காட்டுப்பன்னிக்குன்னு சொல்லிராத. போன வருஷம் எடுத்துக் குடுத்த சேலை நல்லா இல்லைன்னு நான்தான் உன்னை அனுப்பினேன்னு நினைச்சுக்குவா.